ஃபுட் டிரக் போடப் போறீங்களா?

வண்டியை வாங்கியதும் வெல்டிங் பட்டறைக்கு ஓட்டாதீர்கள். பக்கவாட்டை வெட்டி ஜன்னல் வைப்பதும் உள்ளே அடுப்பு மேடை கட்டுவதும் மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன் கீழ் வாகன மாற்றம்தான். முதலில் ஆர்.டி.ஓ. அனுமதி, வேலை முடிந்ததும் ஆர்.சி. புக்கில் பதிவு. இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். இல்லையென்றால் விபத்து இழப்பீடு கேட்கும்போது இதையே காரணம் காட்டி மறுக்கலாம்.

உணவுப் பாதுகாப்புக்கு 'ஃபாஸ்காஸ்' இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், புரோக்கர் தேவையில்லை. பதிவா, உரிமமா என்பது ஆண்டு விற்பனையைப் பொறுத்தது. கிடைக்கும் 14 இலக்க எண்ணை வண்டியில் கண்ணில் படும்படி வையுங்கள். சமைப்பவர், பரிமாறுபவர் எல்லோருக்கும் மருத்துவச் சான்றும் வேண்டும்.

வீட்டு சிலிண்டர் கூடவே கூடாது. 19 கிலோ வணிக சிலிண்டர்தான்.

உண்மையான தலைவலி இடம்தான். உணவு உரிமம் இருப்பதாலேயே சாலையோரம் நிறுத்திவிட முடியாது. பொது இடமென்றால் மாநகராட்சியிலோ நகராட்சியிலோ விற்பனை மண்டலம் எது என்று கேட்டு, 2014-ஆம் ஆண்டு சாலையோர வியாபாரிகள் சட்டப்படி விற்பனைச் சான்று பெற முடியுமா என்று விசாரியுங்கள். தனியார் இடமென்றால் உரிமையாளரிடம் வாய்வார்த்தை போதாது, ஒப்பந்தமாக எழுதி வாங்குங்கள்.

எல்லாவற்றின் நகலும் ஒரு ஃபைலில் வண்டியிலேயே இருக்கட்டும்.