கெர்மிட் நர்ஸ்களின் மொட்டைக் கடிதம்

"நமக்கேன் வம்பு?" மருத்துவமனையில் தப்பு நடப்பதைக் கண்ணால் பார்த்தவர்கள்கூட இப்படிச் சொல்லி ஒதுங்கிவிடுகிறார்கள். புகார் கொடுப்பவருக்குச் சட்டம் எந்த அளவுக்குத் துணை நிற்கும் என்பதைப் புரிந்துகொள்ள, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கெர்மிட் என்ற சின்ன ஊரில் நடந்ததைத் தெரிந்துகொண்டாலே போதும்.

நம்பிக்கை: பெயர் போடாமல் எழுதினால் யாருக்கும் தெரியாது.

ஆன் மிட்செல், விக்கிலின் கேல் இருவரும் அந்த ஊர் மருத்துவமனையில் 20 ஆண்டுகளுக்கு மேல் பணிசெய்த நர்ஸ்கள். சிகிச்சையின் தரத்தையும் விதிமுறைகளையும் கண்காணிப்பதே அவர்கள் பொறுப்பு. புதிதாக வந்த டாக்டர் ஒருவர், நசுங்கிப்போன விரலில் ரப்பர் முனை ஒன்றை வைத்துத் தைத்தார். அறுவை சிகிச்சைக்கு அங்கே அனுமதி பெறாமலே தோல் ஒட்டுப் போட்டார், அது ஒட்டவில்லை. நோயாளிகளுக்கு மூலிகைச் சரக்கும் விற்றார். நிர்வாகத்திடம் இருவரும் சொல்லிப் பார்த்தார்கள், பலனில்லை. 2009 ஏப்ரலில் மாநில மருத்துவ வாரியத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. அதில் நோயாளிகளின் பெயர்கூட இல்லை, கோப்பு எண்கள் மட்டுமே இருந்தன.

டாக்டர் நேராக ஷெரிஃபிடம் போனார். அந்தக் காவல் அதிகாரி அவருக்கு நண்பர், அவரிடம் சிகிச்சை பெற்றவரும்கூட. விசாரணை என்று சொல்லி வாரியத்திடமே கடிதத்தின் நகலை வாங்கினார். எழுதியவர் 50 வயது தாண்டிய பெண் என்ற குறிப்பு அதில் இருந்தது. சின்ன ஊரில் அது போதாதா? நர்ஸ்களின் அலுவலகக் கணினிகளைப் பறிமுதல் செய்ததும், ஒன்றில் கடிதம் அப்படியே கிடைத்தது.

நம்பிக்கை: நல்லெண்ணத்தோடு சொன்னால் ஒரு கெடுதலும் வராது.

வந்தது. இருவருக்கும் வேலை போனது. அலுவல் தகவலைத் தவறாகப் பயன்படுத்தியதாகக் குற்றவியல் வழக்கும் பாய்ந்தது. 10 ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம் அது. கேல் மீதான வழக்கை விசாரணைக்கு முன்பே கைவிட்டார்கள். மிட்செல் 2010 பிப்ரவரியில் கூண்டில் நின்றார். நான்கு நாள் விசாரணை. ஒரு மணி நேரத்துக்குள் ஜூரிகள் அவரை விடுதலை செய்தார்கள். ஆனால் அதற்கு முன் கழிந்த அந்த மாதங்களை யார் திருப்பித் தருவது? சட்டத்தின் பாதுகாப்பு பல நேரங்களில் அடி விழுந்த பிறகுதான் வந்து சேர்கிறது. புகார் கொடுக்கத் துணிகிறவரிடம் இதை மறைப்பது நியாயமில்லை.

நம்பிக்கை: நோயாளியின் விவரத்தை வெளியே கொடுப்பதே குற்றம்.

யாரிடம் கொடுக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அமெரிக்காவின் நோயாளி அந்தரங்கச் சட்டம், கண்காணிப்பு அமைப்புகளிடம் விவரம் தருவதை அனுமதிக்கிறது. இந்த வழக்கில் மருத்துவ வாரியமே நர்ஸ்களின் பக்கம் நின்று, வழக்குப் போட்டது தவறு என்று அரசு வழக்கறிஞருக்கு எழுதியது. இதே எண்களை ஊர்ப் பத்திரிகைக்கோ தெருமுனைப் பேச்சுக்கோ கொடுத்திருந்தால் கதை வேறு.

நம்பிக்கை: புகார் கடைசியில் நிரூபணமாகாவிட்டால் மாட்டிக்கொள்வோம்.

நல்லெண்ணம் என்பதற்கு முழுக்கச் சரியாக இருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. கண்டதைத் திரிக்காமல், வன்மமில்லாமல், நம்புவதற்குக் காரணத்தோடு சொல்லியிருக்க வேண்டும். ஆராய்ந்து முடிவுசெய்வது வாரியத்தின் வேலை.

நம்பிக்கை: பழிவாங்கியவர்களை யாரும் தொடமாட்டார்கள்.

நர்ஸ்கள் தொடுத்த வழக்கு 7,50,000 டாலர் இழப்பீட்டில் சமரசமானது. 2011-ல் ஷெரிஃபுக்கு 100 நாள் சிறை விதிக்கப்பட்டது, பதவியும் போனது. டாக்டர் குற்றத்தை ஒப்புக்கொண்டு 60 நாள் சிறைத் தண்டனை பெற்றார், மருத்துவ உரிமத்தையும் ஒப்படைத்தார். நல்லெண்ணத்தோடு புகார் தரும் நர்ஸ்மீது குற்றவியல் நடவடிக்கையும் கூடாது என்று டெக்சாஸ் அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தியது. மொட்டைக் கடிதங்களை மருத்துவ வாரியம் ஏற்கக் கூடாது என்ற சட்டமும் அதே ஆண்டுதான் வந்தது. இப்போது கெர்மிட்டிலிருந்து எழுதும் நர்ஸ் வாரியத்துக்குத் தன் பெயரைச் சொல்லியாக வேண்டும்.