பீடி பிடித்தவரின் வயிறு

அன்புள்ள தம்பிக்கு,

அரசு மருத்துவமனையில் பணியில் சேர்ந்திருக்கிறாய். சந்தோஷம். ஒன்றே ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அறுபதைத் தாண்டிய, புகைப்பழக்கம் உள்ள ஆண் எதற்காக வயிற்று ஸ்கேனுக்கு வந்தாலும், மகாதமனியை அளக்காமல் அனுப்பாதே.

வயிற்றில் அதன் அகலம் சுமார் 2 செ.மீ. 3 செ.மீ. ஆகிவிட்டால் அனியூரிசம். பெரும்பாலும் வலியே இருக்காது. வெடித்தபின் பிழைப்பவர்கள் சிலர்தான். ஐன்ஸ்டைனுக்கு 1948-ல் அறுவை நிபுணர் ருடால்ஃப் நிஸ்ஸன் வீங்கிய தமனியைச் செல்லோஃபேன் தாளால் சுற்றிக் கட்டினார். 1955 ஏப்ரலில் அது வெடித்தது. மறுபடி அறுவை வேண்டாம் என்றுவிட்டார் ஐன்ஸ்டைன். அவர் பைப் பிடித்தவர்.

"புகை பிடிப்பீங்களா?" என்றால் "இல்ல சார்" என்பார்கள். அதோடு விட்டுவிடாதே. "முன்னாடி பிடிச்சிருக்கீங்களா?" என்று கேள். "மில்லுல இருந்தப்ப நாளைக்கு ரெண்டு கட்டு பீடி. விட்டுப் பத்து வருஷமாச்சு" என்பது அப்போதுதான் வெளியே வரும். விட்டால் ஆபத்து குறையும், ஆனால் மெதுவாகத்தான். வயது, ரத்தக்கொதிப்பு, கொழுப்பு எல்லாம் கணக்கில் உண்டு. அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இருந்ததா என்றும் கேள். சர்க்கரை நோயாளிகளுக்கு இது சற்றுக் குறைவாகவே வருகிறது. அதை நம்பி அவர்களை விட்டுவிடாதே.

வீக்கம் வளர்வதை நிறுத்தும் மாத்திரை எதுவும் இன்றுவரை இல்லை. ஸ்டேடினும் பி.பி. மாத்திரையும் இதயத்துக்காக அவசியம், கொடு. வளர்ச்சியைத் தணிக்க நோயாளியின் கையில் இருப்பது புகையை விடுவதுதான். அவரிடம் இதை நேராகச் சொல். ஆண்களுக்கு 5.5 செ.மீ. வரை ஸ்கேனில் கண்காணிக்கலாம்; அதைத் தொட்டால் அறுவை நிபுணரிடம் அனுப்பு. பெண்களுக்கு அதற்கு முன்பே.

பிரிட்டனில் 65 வயதாகும் ஆண்களுக்கு ஸ்கேன் செய்துகொள்ளக் கடிதம் போகிறது. இங்கே அப்படித் திட்டம் இல்லை. அதனால்தான் உன்னைக் கேட்கிறேன்.

கடைசியாக, இரவுப் பணிக்கு ஒன்று. புகைப்பழக்கமுள்ள பெரியவர் முதல்முறையாக விலாவைப் பிடித்துக்கொண்டு வந்தால், "கல்லாக இருக்கும்" என்று ஊசி போட்டுப் படுக்க வைக்காதே; தமனி வெடித்ததாகவும் இருக்கலாம். பி.பி. பார், வயிற்றைத் தொட்டுப் பார், ஸ்கேனை வை. பி.பி. இறங்கியிருந்தால் ரத்தத்துக்குச் சொல்லிவிட்டு, ரத்தநாள அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு நீயே போன் போட்டு, உடனே ஆம்புலன்ஸில் ஏற்று.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியன்