எந்தப் பாத்திரத்தில் கரைத்தீர்கள்?

அன்புள்ள கயல்விழிக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. இரண்டு நாள் ஓஆர்எஸ் குடித்தபின் வலிப்போடு வந்த ஒரு வயதுக் குழந்தைக்கு ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 178 மில்லி ஈக்விவலன்ட். "சீக்கிரம் இறக்கினால்தானே நல்லது, சார்?" என்று கேட்டிருந்தாய். அதைவிட என்னை உறுத்தியது அடுத்த வரி: "கவனமில்லாத அம்மா."

அவள் பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்தாள். 1 லிட்டருக்கான 21 கிராம் பொட்டலமும், 200 மில்லிக்கான சின்னதும் ஒரே கடையில்தானே விற்கின்றன? லிட்டருக்கு 75 மில்லி ஈக்விவலன்ட் இருக்கவேண்டிய சோடியம் 375 ஆகிவிட்டது. கடல்நீரில் முக்கால் பங்குக்கும் மேல்! இப்படித் தவறுவது தாய்மார்கள் மட்டுமல்ல. 1962-ல் நியூயார்க் மாநிலத்துப் பிங்காம்டனில், மருத்துவமனைக்குள்ளேயே கைக்குழந்தைகளின் பாலில் சர்க்கரைக்குப் பதில் உப்பைக் கலந்துவிட்டார்கள். 6 குழந்தைகள் இறந்தன. லாரன்ஸ் ஃபின்பெர்க் குழுவினர் அதைப் பற்றி 1963-ல் எழுதிய கட்டுரையை மாணவனாக இருந்தபோது படித்தேன். அன்றிலிருந்து எந்தத் தாயையும் நான் திட்டியதில்லை. நீயும் திட்டாதே.

இனி உன் கேள்வி. ரத்தத்தில் உப்பு ஏறினால் மூளையிலிருந்து நீர் வெளியேறும். மூளை சும்மா இருப்பதில்லை. இரண்டு மூன்று நாளில் தனக்குள்ளேயே கரைபொருள்களைச் சேர்த்துக்கொண்டு நீரைப் பிடித்துவைக்கும். அந்த நேரத்தில் நீ அவசரப்பட்டுச் சோடியத்தை இறக்கினால், வெளியே உப்பு குறைய, உள்ளே அந்தச் சரக்கு அப்படியே நிற்கும். தண்ணீர் மூளைக்குள் பாயும். வீக்கம், மறுபடி வலிப்பு, மரணம். அதனால்தான் மணிக்கு 0.5, நாளுக்கு 10 முதல் 12 என்ற கணக்கு. இறக்கும்போது வலிப்பு வந்தால் 3 சதவீத உப்புக் கரைசலைத்தான் கொடுக்கவேண்டும்.

அதிர்ச்சி நிலையில் வந்தால் நார்மல் சலைன் போடத் தயங்காதே. அதில் 154தான், அந்தக் குழந்தையின் ரத்தத்தைவிடக் குறைவு. சிறுநீரகம் கைவிட்டால் டயாலிசிஸ்.

உப்பு ஏற இன்னொரு வழியும் உண்டு. விஷம் குடித்த குழந்தையை வாந்தியெடுக்க வைக்க உப்புத் தண்ணீர் புகட்டும் வழக்கம் இன்னும் போகவில்லை. ஒரு மேசைக்கரண்டி உப்பில் ஏறத்தாழ 300 மில்லி ஈக்விவலன்ட் சோடியம். 10 கிலோ குழந்தைக்கு அது ரத்தச் சோடியத்தை லிட்டருக்கு 50 அளவுக்குக் கூட்டிவிடும். அப்படி ஓரிரு மணிக்குள் வந்தால் மூளை இன்னும் எதையும் சேர்த்திருக்காது, வேகமாக இறக்கலாம். நேரந்தான் வேகத்தைத் தீர்மானிக்கிறது, சோடியத்தின் எண் அல்ல.

அடுத்த முறை முதலில் தாயிடம் உட்கார்ந்து கேள்: எந்தப் பொட்டலம், எந்தப் பாத்திரம், எப்போதிலிருந்து? கேட்டதை எனக்கு எழுது.