அந்த விமானம் எதற்குக் கொல்கத்தா வருகிறது?

கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் அடுத்த வீட்டு மாமிக்கு மெல்போர்ன் போக வேண்டும். மகளுக்குப் பிரசவம். மகன் வாட்ஸ்அப்பில் நான்கு டிக்கெட் விலைகளை அனுப்பியிருந்தான்: சிங்கப்பூர் வழி, பாங்காக் வழி, டில்லி வழி, சென்னை வழி. "எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கு. எதை எடுக்கட்டும், நீங்க சொல்லுங்கோ" என்றார் மாமி.

"விலையை அப்புறம் பார்க்கலாம் மாமி. அந்த விமானம் எதுக்குக் கொல்கத்தா வருதுன்னு முதல்ல பார்ப்போம்" என்றேன். வேடிக்கைக்குச் சொன்னதல்ல. கம்பெனியின் கணக்கு புரிந்தால் நம் கணக்கு பாதி முடிந்த மாதிரி.

ஒரு வெளிநாட்டு விமானம் நம் ஊருக்கு வர இரண்டு காரணங்கள்தான். ஒன்று, இங்கிருப்பவர்களுக்கு அந்த ஊரில், அல்லது அந்த ஊர்க்காரர்களுக்கு இங்கே, நிஜமாகவே வேலை இருக்கிறது. பூட்டானின் ட்ரூக் ஏர் 1983 பிப்ரவரியில் பறக்கத் தொடங்கியபோது பாரோவிலிருந்து முதலில் வந்தது கொல்கத்தாவுக்குத்தான், ஒரு சின்ன டோர்னியரில். பூட்டான்காரருக்குக் கடைத்தெருவும் ஆஸ்பத்திரியும் இங்கேதான். டாக்கா விமானங்களும் இந்த ரகம்.

இரண்டாவது காரணம், நம்மை அள்ளிக்கொண்டு போய்த் தன் ஊரில் வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது. துபாய், தோஹா, சிங்கப்பூர் விமானங்கள் பெரும்பாலும் இந்த வகை. துபாய்க்குப் போகும் போயிங் 777இல் 350 இருக்கைகளுக்கு மேல் உண்டு. ஏறுகிறவர்களில் பலருக்குத் துபாயில் ஒரு வேலையும் கிடையாது. அவர்கள் லண்டனுக்கோ நியூயார்க்குக்கோ போகிறவர்கள். விமானத்தின் வயிற்றில் காய்கறிப் பெட்டிகளும் போகும். அந்தச் சரக்குக் கூலியையும் சேர்த்துத்தான் இவ்வளவு பெரிய விமானம் கட்டுப்படியாகிறது.

முதல் வகை விமானத்தின் நேரம் இந்த இரண்டு ஊர்களின் வசதிக்கு அமையும். இரண்டாவது வகைக்குக் கடிகாரம் அவர்கள் ஊரில் இருக்கிறது. சிங்கப்பூர் விமானம் ஏன் நள்ளிரவை ஒட்டிக் கிளம்புகிறது என்று பலர் சலித்துக்கொள்வார்கள். சிங்கப்பூரில் காலையில் சிட்னிக்கும் மெல்போர்னுக்கும் வரிசையாக விமானங்கள் புறப்படும். அவற்றைப் பிடிக்க வேண்டுமானால் நாம் விடியற்காலையில் போய் இறங்க வேண்டும். ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர், நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல், இடையே இரண்டரை மணி நேரக் கடிகார வித்தியாசம். கூட்டிப் பாருங்கள், நள்ளிரவில் வந்து நிற்கும். கம்பெனிக்கு இன்னொரு லாபமும் உண்டு. இரவு முழுக்கச் சிங்கப்பூரில் சும்மா நின்றிருக்கக்கூடிய விமானம் கொல்கத்தா வந்து சம்பாதித்துக்கொண்டு திரும்புகிறது. நிற்கிற விமானம் தின்கிற பணம் கொஞ்சமல்ல.

நள்ளிரவு விமானம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சால்ட் லேக்வாசிக்குச் சிரமமில்லை. நமக்கு அப்படி இல்லை. கார்டன் ரீச் ஊரின் தென்மேற்கு மூலை, விமான நிலையம் இருக்கும் டம் டம் வடகிழக்கு மூலை. நடுவே சுமார் 25 கிலோமீட்டர் கொல்கத்தா. பகலில் நகருக்குள் தடுக்கப்படும் துறைமுக லாரிகள் இரவில்தான் அவிழ்த்துவிடப்படும். சர்க்குலர் கார்டன் ரீச் ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசைக்குள் மாட்டிய டாக்ஸியில் உட்கார்ந்து பாஸ்போர்ட்டைத் தடவிக்கொண்டே இருந்தவர்களுக்கு இது தெரியும். கிதர்பூர்ப் பாலத்தைக் கப்பலுக்காகத் தூக்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். ஆகவே ஒரு விதி வைத்திருக்கிறேன்: விமானம் நள்ளிரவு என்றால் மாலை ஏழரைக்கே வீட்டை விட்டுவிடு, விடியற்காலை மூன்று, நான்கு என்றால் லாரிகள் இறங்குவதற்கு முன்பே போய் அங்கே காத்திரு. கைப்பெட்டி மட்டும் என்றால், 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் தட மெட்ரோ உதவும். காளிகாட்டில் நீலத் தடத்தில் ஏறி நோவாபாடாவில் மாறினால் விமான நிலையத்துக்கே கொண்டுபோய் விடும். இரண்டு பெரிய பெட்டிகளோடு மாமியை அதில் ஏற்ற மாட்டேன்.

மேற்கே போகிறவர்களிடமிருந்து அடிக்கடி வரும் புலம்பல், "லண்டனுக்கு நேர் விமானம் ஏன் இல்லை?" என்பது. ஒரு காலத்தில் தட்டுப்பாடே இல்லை. 1924இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து பத்தேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) பறந்த முதல் கே.எல்.எம். விமானம் கல்கத்தாவில் இறங்கிப் போனது. 1933இல் இம்பீரியல் ஏர்வேஸ் லண்டன் தடத்தை இங்கே நீட்டியது. 1930களின் கடைசியில் அதன் கடல்விமானங்கள் பாலிப் பாலத்தருகே ஹூக்ளி நதியிலேயே வந்து இறங்கின. 1947இல் பான் ஆம் தொடங்கிய உலகைச் சுற்றும் சேவையிலும் கல்கத்தா ஒரு நிறுத்தம். அன்று விமானங்களால் ஒரே மூச்சில் அவ்வளவு தூரம் போக முடியாது. எரிபொருள் போட நடுவில் ஒரு ஊர் வேண்டியிருந்தது. தூரம் போகும் ஜெட்டுகள் வந்ததும் அந்தத் தேவை தீர்ந்தது. அதற்குப் பிறகு ஊர் தன் சொந்தக் கூட்டத்தை வைத்தே விமானத்தை இழுக்க வேண்டியதாயிற்று.

கூட்டம் இருக்கிறது, ஆனால் பின்பக்கத்தில். பெரிய விமானத்தின் லாபம் முன்பக்கத்துச் சில டஜன் பிசினஸ் இருக்கைகளில் இருக்கிறது. அவற்றை நிரப்பும் கம்பெனி அதிகாரிகள் மும்பையிலும் டில்லியிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2009இலும் லுப்தான்சா 2012இலும் கொல்கத்தாவை விட்டுப் போயின. கோவிட் காலத்தில் ஏர் இந்தியா லண்டனுக்கு விட்ட நேர் விமானமும் நிலைக்கவில்லை. இதில் வங்காளத்துக்கு எதிரான சதி ஏதும் இல்லை. 300 பேர் விமானத்தை வாரம் மூன்று முறை லாபம் தரும் விலைக்கு நிரப்ப முடியவில்லை, அவ்வளவுதான். நிலைமை மாறினால் சின்ன விமானத்தால்தான் மாறும் என்று நினைக்கிறேன். ஏர்பஸ் ஏ321எக்ஸ்எல்ஆர் என்னும் ஒற்றை நடைபாதை விமானம் காகிதத்தில் 8,700 கிலோமீட்டர் போகும். கொல்கத்தாவிலிருந்து லண்டன் ஏறத்தாழ 8,000. எதிர்க்காற்றையும் சுற்றுப்பாதையையும் கணக்கில் எடுத்தால் இழுபறிதான், ஆனாலும் 200 பேரைத் தேடுவது 300 பேரைத் தேடுவதைவிட எளிது.

அதுவரை மேற்கே போக இரண்டு வழி: வளைகுடா, அல்லது டில்லி. நான் வளைகுடாவுக்கே ஓட்டுப் போடுவேன். டில்லி வழியில் தேசிய விமானம், இட்லி சாம்பார், இந்தி புரியும் பணிப்பெண் எல்லாம் உண்டு. விமானம் மாறுவதும் ஒரு தடவைதான். ஆனால் 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும் டில்லியிலிருந்து மேற்கே போன நம் விமானங்கள் சுற்றிப் பறக்க வேண்டியதாயிற்று. தடத்தைத் தீர்மானிப்பதில் வெளியுறவுத் துறைக்கும் இவ்வளவு பங்கு உண்டு. துபாய் கம்பெனிகள் இந்தியாவுக்கு எத்தனை இருக்கை ஓட்டலாம் என்பதற்கும் அரசுகளின் ஒப்பந்தத்தில் வரம்பு இருக்கிறது. அந்த வரம்புக்குள் எல்லா ஊர்களும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அமெரிக்கா போகிறவருக்கு மட்டும் என் தீர்ப்பு தலைகீழாகலாம்: டில்லியிலிருந்து ஒரே மூச்சில் போவது முழங்கால்வலிக்காரருக்குச் சுகமா, நடுவில் இறங்கி நடப்பது சுகமா என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

விமானம் பெரிதா சின்னதா என்பதில் நம் ஆட்கள் காட்டும் அக்கறை எனக்குச் சிரிப்பாக இருக்கும். 777இன் சாதாரண வகுப்பில் வரிசைக்குப் பத்துப் பேர் உட்காருகிறார்கள், சிங்கப்பூரின் ஏ350இல் ஒன்பது, ஏ320இல் ஆறு. பாங்காக்குக்கு இரண்டரை மணி நேரப் பயணத்தில் இதனால் ஒன்றும் குறையாது. அதைவிட முக்கியமானது வாரத்துக்கு எத்தனை தடவை பறக்கிறது என்பது. வாரம் நாலு நாள் வரும் பெரிய விமானம் ஒரு நாள் ரத்தானால் அடுத்ததற்கு இரண்டு நாள் காத்திருக்க நேரலாம். தினம் வரும் சின்னது மறுநாள் ஏற்றிக்கொள்ளும்.

சென்னை வழியைப் பற்றி மனவருத்தத்தோடுதான் எழுதுகிறேன், ஏனென்றால் நம் எல்லோருக்கும் அதுதான் ஆசை: இரண்டு நாள் ஊரில் இருந்து, அக்காவைப் பார்த்து, முறுக்குப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போகலாம். இரண்டு நாள் தங்குவதானால் தாராளமாகப் போங்கள். அதே நாளில் மாறுவதானால், இரண்டும் ஒரே டிக்கெட்டில் இல்லாவிட்டால் வேண்டாம். ஒருமுறை நான் தனித்தனியாக வாங்கினேன். உள்நாட்டு விமானம் மூன்று மணி நேரம் தாமதம். பெட்டியை எடுத்துக்கொண்டு பன்னாட்டு முனையத்துக்கு ஓடினால் கவுன்ட்டரை மூடியிருந்தார்கள். முதல் கம்பெனி "அது வேறு கம்பெனி சார்" என்றது, இரண்டாவது "நீங்க வரவே இல்லையே" என்றது. இரண்டுமே உண்மை. டிக்கெட் பணம் போனது போனதுதான். ஒரே டிக்கெட்டில் இருந்திருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றுவது அவர்கள் கடமை.

இன்னொன்று, பலர் பார்க்காதது. உலகம் முழுக்க விமான அட்டவணை வருடத்துக்கு இரண்டு தடவை மாறும்: மார்ச் கடைசி ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு. ஆகஸ்டில் வாங்கிய டிக்கெட்டின் திரும்பும் பயணம் நவம்பரில் இருந்தால் அந்த நேரம் நகர்ந்திருக்கலாம், சில தடங்கள் குளிர்காலத்தில் நின்றும் போகலாம். டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளில் டம் டம்மில் பனிமூட்டம் வேறு.

மாமி சிங்கப்பூர் வழியை எடுத்தார், முழுக்க ஒரே டிக்கெட்டில். பாங்காக் வழி நாலாயிரம் ரூபாய் குறைவு, ஆனால் அங்கே ஒன்பது மணி நேரம் உட்கார வேண்டும். புறப்பட்ட அன்று மாலை ஏழு இருபதுக்கு டாக்ஸி வந்தது. கிதர்பூர்ப் பாலம் அன்று இறங்கியே இருந்தது.