பாதுகாப்பான, அனைவருக்குமான, நிலைபேறான குடியிருப்பு: பளை ஓர் எடுத்துக்காட்டு

மாணவர்களே, ஐக்கிய நாடுகள் சபை 2015 இல் ஏற்றுக்கொண்ட 17 நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளுள் 11 ஆவது இலக்கு நகரங்களையும் சமுதாயங்களையும் பற்றியது. 2030 அளவில் மனிதக் குடியிருப்புகள் அனைவரையும் உள்வாங்குவனவாகவும், பாதுகாப்பானவையாகவும், இடர்களைத் தாங்கக்கூடியனவாகவும், நிலைபேறானவையாகவும் அமைய வேண்டும் என்பது அதன் சாரம். இதற்கு விடையெழுதும் பலர் கொழும்பின் வாகன நெரிசலையும் குப்பையையும் எழுதி முடித்துவிடுகின்றனர். ஒரு சிறு நகரத்தை எடுத்து, இச்சொற்கள் அங்கே என்ன பொருள் பெறுகின்றன என்று பார்ப்பது கூடுதல் பயன் தரும்.

பளையின் அமைவு

பளை புவியியல் ரீதியில் யாழ். குடாநாட்டின் தென்கிழக்குப் பகுதியில் இருந்தாலும், நிருவாக ரீதியில் கிளிநொச்சி மாவட்டத்தின் பச்சிலைப்பள்ளிப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்தது. ஏ-9 வீதியும் வடபகுதிப் புகையிரதப் பாதையும் இதனூடாகச் செல்கின்றன. தென்னைக்குப் பெயர்பெற்ற மணற்பாங்கான நிலம். இங்கே மாநகர சபையோ நகர சபையோ இல்லை. உள்ளூராட்சி பச்சிலைப்பள்ளி பிரதேச சபையின் கையில் உள்ளது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பொதுச் சுகாதாரம், பொது வசதிகள், வீதிகள் தொடர்பான பொறுப்பு பிரதேச சபைக்கும் உண்டு.

பாதுகாப்பு

பிற நகரங்களில் பாதுகாப்பு என்றால் வீதி விளக்கு, வெள்ளத் தடுப்பு, களவு என்று எழுதலாம். பளையில் முதலில் மண்ணைப் பற்றி எழுத வேண்டும். 2000 இல் ஆனையிறவு முகாம் வீழ்ந்தபின், கிளாலி, முகமாலை, நாகர்கோவில் ஊடான கோட்டில் போர்முனை பல ஆண்டுகள் நின்றது. இரு தரப்பும் புதைத்த கண்ணிவெடிகளால் முகமாலைப் பகுதி உலகின் மிகச் செறிவான கண்ணிவெடி நிலங்களுள் ஒன்றாயிற்று. 2009 இல் போர் முடிந்த பின்னரும், காணியுறுதி கையிலிருந்தும் சொந்த வளவில் கால்வைக்க முடியாத நிலை பல குடும்பங்களுக்கு இருந்தது.

இவ்வேலை ஏன் இத்தனை மெதுவானது? பிளாத்திக்குக் கண்ணிவெடியில் உலோகம் மிகக் குறைவு. போர் நடந்த மண்ணிலோ எறிகணைச் சிதறல்கள் நிறைந்துள்ளன. உணர்கருவி ஒலிக்கும் ஒவ்வோர் இடத்தையும் கண்ணிவெடி என்றே கருதி, பக்கவாட்டிலிருந்து மண்ணைச் சிறிது சிறிதாகச் சுரண்டிப் பார்க்க வேண்டும். இடிந்த மண் அணைகளின் கீழ் அவை கருவிக்கு எட்டாத ஆழத்தில் கிடக்கலாம். ஹலோ ட்ரஸ்ட் போன்ற நிறுவனங்களின் அணிகளில் போரால் பாதிக்கப்பட்ட பெண்கள் பலரும் இப்பணியைச் செய்து வந்துள்ளனர். இலங்கை 2017 டிசம்பரில் ஒட்டாவா சமவாயத்தில் இணைந்து, கண்ணிவெடிகளை முற்றாக அகற்றும் கடப்பாட்டை ஏற்றது.

விறகு பொறுக்கவோ பழைய இரும்பு சேர்க்கவோ போகிறவர்களே எளிதில் ஆபத்தில் சிக்குவர். மண்டையோட்டு அடையாளமிட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் அதனைக் கடக்கக்கூடாது. சந்தேகமான பொருளைத் தொடாமல், கல்லெறியாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவிக்க வேண்டும். இது பரீட்சைக்கு மட்டுமான பாடம் அன்று.

அனைவரையும் உள்வாங்குதல்

1990 இல் நின்றுபோன புகையிரதம் 2014 மார்ச்சில் பளை வரையும், அதே ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரையும் மீண்டும் ஓடியது. ஏறத்தாழ ஏழு மாதங்கள் பளையே கடைசி நிலையம். நிலையம் வந்ததனால் எல்லோரும் உள்வாங்கப்பட்டனர் என்று எழுதுவது அவசர முடிவு. செயற்கைக் காலுடன் மணலில் நடந்து வருபவர் மேடையிலிருந்து பெட்டிக்குள் ஏற முடிகிறதா? சக்கர நாற்காலி பொதுச் சந்தைக்குள்ளும் மலசலகூடத்துக்குள்ளும் போகுமா? வலது குறைந்தோர் உரிமைகளுக்கான 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டமும், பொதுக் கட்டடங்களில் அணுகும் வசதிகளைக் கோரும் 2006 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளும் நம்மிடம் உள்ளன. ஆயினும் கட்டி முடித்தபின் சாய்தளம் ஒட்டுவதைவிட, வரைபடத்திலேயே அதனைச் சேர்ப்பது மலிவு.

நிலைபேறு

2014 இல் பளைப் பகுதியில் தலா 10 மெகாவாற்று கொண்ட இரு காற்றாலைகள் மின்னுற்பத்தியைத் தொடங்கின. பலர் இதனை மட்டுமே எழுதுவர். ஆனால் ஊரின் உயிர்நாடி நிலத்தடி நீர். மழைநீர் மணலினூடாக இறங்கி, உவர்நீரின் மேல் ஒரு வில்லைபோல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம்வரை நன்னீர் இருக்கலாம் என்பது பொது விதி. இதனை மறுபக்கமாக யோசித்துப் பாருங்கள்: மேலே சிறிதளவு குறைந்தாலும் உவர்நீர் பலமடங்கு மேலேறும். அளவுக்கு மீறி இறைப்பதும், நீரைத் தேக்கும் மணலை அள்ளிச் செல்வதும் கிணறுகளை உவராக்குவது இவ்வாறே.

மாதிரி வினா

(அ) பச்சிலைப்பள்ளியில் உள்ளூராட்சிப் பொறுப்பை வகிக்கும் நிறுவனம் எது?
(ஆ) கண்ணிவெடி அகற்றப்படாத நிலையில் ஏனைய அபிவிருத்தி தடைப்படுவதற்கு இரு காரணங்கள் தருக.
(இ) உமது ஊரின் பொது இடம் ஒன்றினை அனைவருக்கும் உகந்ததாக மாற்ற இரு முன்மொழிவுகள் எழுதுக.

குறிப்பு: (இ) இற்கு “விழிப்புணர்வு ஏற்படுத்தல்” என்று மட்டும் எழுத வேண்டாம். எந்த இடம், எந்த மாற்றம், யார் செய்ய வேண்டும் என்பன விடையில் இருக்கட்டும்.