ஆடும் மெஷினுக்குக் காகிதம் வைக்காதீர்கள்

திருமலை உண்டியலில் விழும் கைக்கடிகாரங்களைத் தேவஸ்தானம் அவ்வப்போது ஏலம் விடுகிறது. பயன்படுத்தியதும் பழுதானதும் அதில் உண்டு. அப்படி வாங்கியதோ, சித்தூர் வீட்டு அலமாரியில் தாத்தா விட்டுப்போனதோ, சாவி கொடுக்கும் பழைய வாட்ச் ஒன்று கையில் கிலுகிலுப்பையாய் ஆடினால் கீழே உள்ளதைப் படித்துவிட்டுத் திறவுங்கள்.

செய்ய வேண்டியவை

• ஆட்டோமேட்டிக்கா என்று முதலில் பாருங்கள். அதில் அரைவட்ட எடை ஒன்று சுழல்வது இயல்பு. அந்தச் சத்தம் பழுதல்ல.

• சாவியை மேலும் கீழும் லேசாக அசைத்தபடி கண்ணாடி வழியே டயலைக் கவனியுங்கள். டயலும் கூடவே நகர்ந்தால் மெஷின் கேஸுக்குள் தளர்ந்திருக்கிறது.

• பின்மூடியைத் திறந்ததும் மெஷினின் விளிம்பைப் பாருங்கள். கேஸோடு பிடித்து வைக்கும் சிறு திருகுகள் அங்கே இருக்கும். சிலவற்றின் தலை பாதி வெட்டியிருக்கும். வெட்டாத பக்கம் கேஸ் விளிம்பின்மேல் ஏறினால்தான் பிடிக்கும். அரைச் சுற்றில் தீர்கிற வேலைக்கு முழு சர்வீஸ் காசு கொடுத்தவர்கள் நிறைய.

• திருகு இருந்தும் ஆடினால் மெஷினைச் சுற்றி வரும் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இருந்தால், மெஷினே அந்தக் கேஸுடையதுதானா என்று சந்தேகப்படுங்கள். எச்.எம்.டி. விஷயத்தில் இந்தச் சந்தேகம் அவசியம். சித்தூர்க்காரர்கள் பஸ் பிடித்தால் எட்டுகிற பெங்களூரில், 1961இல் ஜப்பானின் சிட்டிசன் துணையோடு வாட்ச் செய்யத் தொடங்கிய நிறுவனம் அது. அதன் வாட்ச் கம்பெனியை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இன்று உதிரிபாகம் பெரும்பாலும் இன்னொரு செத்த வாட்ச்சிலிருந்துதான் வரவேண்டும். எச்.எம்.டி.யின் ஜனதா மாடல் டயலுக்குக் கீழே வேறு எந்த மெஷினும் ஒளிந்திருக்கலாம்.

• மெஷினை வெளியே எடுக்குமுன் ஸ்பிரிங்கின் முறுக்கை இறக்குங்கள். தடுப்புப் பல்லை விலக்கி, சாவி விரல்களுக்கிடையே மெதுவாகத் திரும்பும்படி விடவேண்டும்.

செய்யக்கூடாதவை

• இடைவெளியில் காகிதமோ சிகரெட் பெட்டித் தகடோ திணிக்காதீர்கள். பழைய வாட்ச்களைத் திறந்தால் இந்தக் கைவேலை அடிக்கடி கண்ணில் படும். காகிதம் ஈரம் குடிக்கும், அதன் நார் பேலன்ஸ் வீலில் போய்ச் சிக்கும். மெஷின் ஒரு பக்கம் சாய்ந்தால் சாவித் தண்டு கோணலாகி, சாவி கொடுக்கும்போதெல்லாம் துளையைத் தேய்க்கும்.

• பசை வேண்டவே வேண்டாம்.

• சாவித் தண்டைப் பிடித்திருக்கும் திருகை முழுதாகக் கழற்றாதீர்கள். பல பழைய மெஷின்களில் அதைச் சற்றுத் தளர்த்தினாலே தண்டு வந்துவிடும். முழுதாகக் கழற்றினால் உள்ளே லிவர் நழுவும். முள்ளையும் டயலையும் எடுத்தால்தான் மீண்டும் பொருத்த முடியும்.

• திருகு ஒன்று காணாமல் போயிருந்தால், அதைத் தேடி எடுக்காமல் சாவி கொடுக்காதீர்கள். அது உள்ளேயே கிடக்கலாம்.

• "மெஷினையே மாத்திடலாம்" என்று கடையில் சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். மாற்றியே ஆகவேண்டுமென்றால் பழைய மெஷினைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.