பல பிராண்டு, ஒரே ஆப்: மலையோர எலக்ட்ரீஷியனுக்கு ஒரு புது வருமானம்

மூணாறு, தேவிகுளம், குமுளி பக்கம் ரிசார்ட்டுக்கும் ஹோம்ஸ்டேக்கும் பஞ்சமில்லை. ஓனர் பெரும்பாலும் கொச்சியிலோ கோயம்புத்தூரிலோ இருப்பார். ஆஃபரில் வாங்கிய பல்பு ஒரு பிராண்டு, ஃபேன் இன்னொன்று, கதவுப் பூட்டு மூன்றாவது. போனில் அஞ்சு ஆப், ஒன்றுக்கொன்று பேசாது. சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் கல்ஃப் பணத்தில் எழும்பும் வீடுகளிலும் இதே தலைவலிதான். இருப்பதையெல்லாம் ஒன்றாக ஓடவைத்துத் தருபவருக்கு இங்கே வேலை இருக்கிறது. பெரிய ஊர் கம்பெனி ஒரு சர்வீஸ் காலுக்கு மலையேறி வர ஒரு நாள் ஆக்கும். நீங்கள் அன்றைக்கே போய் நிற்பீர்கள். போட்டியில் உங்கள் கையிருப்பு அதுதான்.

1. முதலில் பேப்பர். கேரள மாநில மின்சார லைசென்சிங் போர்டின் வயர்மேன் பெர்மிட் இல்லாமல் யார் வீட்டு சுவிட்ச் போர்டையும் கழற்றாதீர்கள். போடி, கம்பத்திலிருந்து வருபவர்கள், தங்கள் தமிழ்நாட்டு லைசென்ஸ் இங்கே செல்லுமா என்று கேட்டுவிட்டு வேலை எடுங்கள்.

2. பெட்டியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அமேசான், ஆப்பிள், கூகுள் எல்லாம் 2019 டிசம்பரில் கைகோத்து அறிவித்த பொதுத் தரம், 2022 அக்டோபரில் 'மேட்டர்' என்ற பெயரில் வெளியானது. அந்த லோகோ உள்ள பல்பை அலெக்சாவிலும் கூகுள் ஹோமிலும் ஒரே நேரத்தில் சேர்க்கலாம். ஆனால் 'மேட்டர் ஓவர் த்ரெட்' என்று போட்டிருந்தால், த்ரெட் டிவைஸை வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்கும் பார்டர் ரவுட்டர் ஒன்றும் வேண்டும். கொட்டேஷனில் அதை விட்டால் காசு உங்கள் பையிலிருந்து போகும். அமெரிக்காவிலிருந்து மகன் அனுப்பிய இசட்-வேவ் பூட்டைக் காட்டினால் தயங்காமல் வேண்டாம் என்று சொல்லுங்கள். இசட்-வேவ் ரேடியோ அலைவரிசை அங்கே 908 மெகாஹெர்ட்ஸ், இந்தியாவில் 865. ஹப் அதைப் பார்க்கவே பார்க்காது.

3. பழைய சரக்குக்கு ஹோம் அசிஸ்டன்ட். 2013இல் தொடங்கிய இலவச ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். ஒரு ராஸ்பெர்ரி பையில் ஓடும். கேமராவை ஆன்விஃப் வழியாக, ஜிக்பீ ரேடியோவில் பேசும் டிவைஸை ஒரு யுஎஸ்பி டாங்கிள் வழியாக, பழைய ஏசியை ஐஆர் பிளாஸ்டர் வழியாக உள்ளே இழுக்கலாம். முக்கியமான லாபம், பெரும்பாலான வேலை வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். 2022 ஏப்ரலில் அமெரிக்க ஸ்மார்ட் ஹோம் கம்பெனி இன்ஸ்டியான் சொல்லாமல் கொள்ளாமல் சர்வரை நிறுத்தியது. கிளவுடை நம்பிய வாடிக்கையாளர்கள் ஆப் வேலை செய்யாமல் திண்டாடினார்கள். மண் சரிந்தாலோ மரம் விழுந்தாலோ கேபிள் அறுந்துபோகும் மலையில், நெட் இல்லாமலும் லைட் எரிய வேண்டும். இதை டெமோவிலேயே காட்டுங்கள்: ஓனர் முன்னால் நெட் கேபிளைப் பிடுங்குங்கள், பிறகு சுவிட்சைத் தட்டுங்கள். அதற்கப்புறம் விலை பேசுங்கள்.

4. கம்ப்ளெயின்ட் அதிகம் வருவது நெட்வொர்க்கில்தான், இங்கேதான் அரைகுறை ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். மலிவான டிவைஸ்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே சேரும். போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் பேரிங் அடம்பிடிக்கும். ரிசார்ட்டின் கெஸ்ட் வைஃபையில் கிளையன்ட் ஐசொலேஷன் போட்டிருப்பார்கள். அதில் சேர்த்த டிவைஸ்கள் ஒன்றையொன்று கண்டுபிடிக்க முடியாது. டிவைஸுக்கென்று தனி வைஃபை பெயர் கேளுங்கள். மேட்டர் ஐபிவி6இல் ஓடுவது, ரவுட்டரில் அதை அணைத்து வைக்காதீர்கள். வைஃபையை 1 அல்லது 6ஆம் சேனலில் வைத்து, ஜிக்பீயை 25இல் வைத்தால் இரண்டும் மோதாது. பழைய எஸ்டேட் பங்களாவின் கருங்கல் சுவர் சிக்னலை விழுங்கும். சுவருக்கு இரு பக்கமும் கரண்டில் ஓடும் ஜிக்பீ பிளக் ஒவ்வொன்று வையுங்கள், அவை சிக்னலைக் கைமாற்றிவிடும். பேட்டரி சென்சார் அந்த வேலையைச் செய்யாது.

5. லோடு. மூணாறு குளிருக்கு எல்லா ரூமிலும் கெய்சர். 3000 வாட் கெய்சர் 13 ஆம்பியர் இழுக்கும். 10 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்கில் மாட்டினால் உருகும். 16 ஆம்பியர் பிளக் போடுங்கள், தாராளமாக வேண்டுமென்றால் கான்டாக்டர். கரண்ட் போய் வந்ததும் பல்பெல்லாம் நடுராத்திரியில் எரிந்தால் கெஸ்ட் ரிவ்யூவில் உங்களைத் திட்டுவார். செட்டிங்கில் 'பழைய நிலை' என்று வைத்துவிடுங்கள். ஹப்புக்கும் ரவுட்டருக்கும் சின்ன யுபிஎஸ். ஐப்பசி இடிக்கு எர்த்தும் சர்ஜ் புரொடெக்டரும் தப்பாமல் வேண்டும்.

6. இம்ப்ரஷன். சொந்த ஜிமெயிலில் வாடிக்கையாளர் டிவைஸை ரிஜிஸ்டர் செய்வது கேவலமான பழக்கம். ஓனர் பெயரில் கணக்கு திறந்து, பாஸ்வேர்டை அவரையே போடச் சொல்லுங்கள். மேட்டர் கியூஆர் கோடுகளைப் படமெடுத்து ஓனரிடம் கொடுங்கள். ஸ்டிக்கர் கிழிந்தால் திரும்பச் சேர்ப்பது பெரும்பாடு. 'ரூம் 3 லைட்' மாதிரி குழப்பமில்லாத பெயர் வையுங்கள். ஹவுஸ்கீப்பிங் ஆட்களுக்குத் தமிழில், மேனேஜருக்கு மலையாளத்தில், ஓனருக்கு ஆங்கிலத்தில் விளக்கத் தெரிந்தவர் எல்லை ஊரில்தான் கிடைப்பார். அதைக் கூச்சப்படாமல் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

7. டிவைஸ் மார்ஜினை நம்பாதீர்கள், ஆன்லைன் விலை எல்லார் போனிலும் இருக்கிறது. லேபர், கான்ஃபிகரேஷன், வருஷ மெயின்டனன்ஸ் மூன்றையும் பில்லில் தனித்தனி வரியாகப் போடுங்கள்.

சீசனுக்கு முன்னால் தெரிந்த ஹோம்ஸ்டே ஒன்றில் ஒரே ஒரு ரூமை எடுத்து முடித்துக் காட்டுங்கள். மிச்ச ரூம்களுக்கு கொட்டேஷனை அன்றைக்கே கையில் வைத்திருங்கள்.